நல்ல குரல்

வேடன் கண்ணிகளை விரித்து, நடுவே இரண்டு கூண்டுகளை வைத்துவிட்டு மறைந்துகொண்டான். ஒன்றில் அப்பன் கௌதாரி, மற்றதில் குஞ்சு.

"கூப்பிடுடா. காட்டுக் கௌதாரியெல்லாம் நம்ம குரலுக்குத்தான் வரும். உன் தாத்தன் கூப்பிட்டா கண்ணி பத்தாது."

"வந்தா மாட்டிக்குமேப்பா."

"கூப்பிடலேன்னா சாயங்காலம் சட்டிக்குள்ள நீதான். என் மானத்தை வாங்காதே."

குஞ்சு தொண்டை கிழியக் கத்தியது. "வராதீங்க! கண்ணி இருக்கு! போயிடுங்க!"

அப்பன் பதறிப்போயிற்று.

தூரத்துப் புதர்களுக்கு வார்த்தை எட்டவில்லை. ஏதோ குஞ்சு அழுகிறது என்பது மட்டும் கேட்டது. தாய்க் கௌதாரிகள் ஓடிவந்தன. ஒவ்வொன்றாகக் கண்ணியில் விழுந்தன. குஞ்சு இன்னும் உரக்கக் கத்தியது. இன்னும் வந்தன.

அப்பனுக்குப் பதற்றம் போன இடம் தெரியவில்லை.

"நம்ம வம்சத்துல யாருக்கும் இப்படிக் குரல் வாய்க்கலை, கண்ணு. நிறுத்தாதே."