கோடி இருக்கை

“என்னங்க, உள்ளே ஏதோ வாடை வருதே?”

கையில் கட்டோடு அன்றுதான் புதிதாக வந்திருந்த டீச்சரம்மா மூக்கைச் சுருக்கியதும், ஓய்வு பெற்ற மானேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆறாத கால்புண்ணுக்காகத்தான் அவர் தினமும் ஆஸ்பத்திரியின் இந்த ஆக்ஸிஜன் அறைக்கு வருகிறார். இரும்புக் கதவைச் சாத்தி, காற்றழுத்தத்தை ஏற்றி, முகமூடி வழியாக ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். போகப் போகப் புண்ணில் சதை வளருமாம். வளர்கிறதோ இல்லையோ, கட்டுக்குள் கசிவது மட்டும் நின்றபாடில்லை. வீட்டில் பேத்திகூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாள். இங்கேயும் தெரிந்துபோனால் மானம் கப்பலேறிவிடும்.

முகமூடி மாட்ட இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து இருக்கையில் பெயிண்டர் வழக்கம்போல் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. வந்த நாளிலிருந்து எல்லோரும் ஜாடையில்தான் அவரிடம் பேசுகிறார்கள். மானேஜரின் புத்தி அங்கே போயிற்று.

“இவர் கால்லேர்ந்துதாம்மா வருது. புண்ணைச் சுத்தமா வச்சுக்கிறதே இல்ல.”

“மெதுவாச் சொல்லுங்க, பாவம்.”

“அட, இடி விழுந்தாலும் இவருக்குக் கேக்காதும்மா. நான்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

சொன்னதோடு விடவில்லை. பெயிண்டரின் தோளைத் தட்டிக் கோடி இருக்கையைக் காட்டினார். பெயிண்டர் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து அங்கே போனார்.

கதவு மூடியது. முகமூடிக்குள் சுத்தமான காற்றுதான் வந்தது. ஆனாலும் மானேஜருக்குக் கோடிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பா என்று தன்னையே மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மனசு கேட்காமல் பெயிண்டரிடம் போனார். டீச்சரம்மா அருகிலேயே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஆடிய நாடகத்தைப் பாதியில் விடவும் முடியவில்லை. காதருகே குனிந்து கத்தினார்.

“கால் எப்படி இருக்கு? தேவலையா?”

பெயிண்டர் டீச்சரம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“காலுக்கு ஒண்ணுமில்ல சார். திடீர்னு காது கேக்காமப் போச்சு, அதுக்கும் இந்த ஆக்ஸிஜன்தான் வைத்தியம்னாங்க. நீங்க மெதுவாவே பேசுங்க, இன்னைக்குக் காலையிலேர்ந்து நல்லாவே கேக்குது.”