பக்கத்து டப்பாவின் மணம்

மளிகைக் கடை அலமாரியில் இருந்த பெருங்காய டப்பாவுக்கு ஒரு வாரமாக நிம்மதி இல்லை. பக்கத்தில் புதிதாக வந்த டப்பாவும் அதே மஞ்சள் நிறம், அதே மயில் படம்.

"என் மயிலை எதுக்குடா எடுத்தே?"

"உங்க மயில் இடப்பக்கம் பார்க்குது அக்கா. என்னோடது வலப்பக்கம் பார்க்குது. சட்டப்படி இது வேற மயில்" என்று புதுசு இன்னும் நெருங்கி உட்கார்ந்தது.

வழக்கமாக வரும் செண்பகவல்லி மோந்து பார்க்காமல் எதையும் வாங்கமாட்டாள். பழைய டப்பா அதைத்தான் நம்பியிருந்தது. அன்று அவள் கையில் புதுசு சிக்கியது. ஒரு வாரம் ஒட்டி உட்கார்ந்ததில் அதுவும் கமகமத்தது. அவள் அதையே வாங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் அவள் அந்த டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் மணம் ஓடிப்போச்சு அண்ணாச்சி. ரசத்துல வெறும் மாவு கரைச்ச மாதிரி இருக்கு. இடப்பக்கம் பார்க்கிற மயிலைக் குடுங்க."

பழைய டப்பா அவள் பைக்குள் போனது. அலமாரிக்குத் திரும்பிய புதுசு கெஞ்சியது. "போகாதீங்க அக்கா. நீங்க பக்கத்துல இல்லாம என்னை யார் வாங்குவா?"

அக்காவுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. பையில் இருந்த சர்க்கரைப் பொட்டலம், "தள்ளி உட்காரு தாயி, உன் வாடை என் மேல ஒட்டுது" என்று திட்டிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க பழைய டப்பாவுக்கு மனசு குளிர்ந்தது.