சோதனைக்காரி

“ஏட்டி குளோரி, சட்டியைத் தொற.”

“வெறும் சட்டியாக்கும் அக்கா. கஞ்சியைத்தான் மத்தியானமே குடிச்சாச்சே.”

நேசபாய் மூடியைத் திறந்தாள். சட்டியின் அடியில் ஒரு கைப்பிடி முந்திரிப்பருப்பு கிடந்தது. வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நான் எடுக்கல்ல அக்கா. கர்த்தர் சாட்சி. எனக்க பிள்ளைய மேல ஆணை.”

எல்லாரும் சொல்வதுதான். போன வாரம் பூங்கனி சொன்னாள். அதற்கு முன்னால் இரண்டு பேர் சொன்னார்கள். களவெடுத்தவள் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு நேசபாய் பார்த்ததே இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவள் குளோரி. கண்டதைக் காணாததுபோல் விடலாம் என்றால், மானேஜர் டைட்டஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீ இனி வரண்டாம்,” என்றார் அவர். சத்தம்கூடப் போடவில்லை.

குளோரி அழுதாள், கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நேசபாயின் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

புதுக்கடைக்குப் பக்கத்தில் அந்த அண்டியாபீஸ் இருந்தது. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் கம்பெனியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்களை வாசலில் நிறுத்திச் சோதனை போடுவது நேசபாயின் உத்தியோகம். கொண்டையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். மடியைத் தடவ வேண்டும். எறும்பு ஏறக்கூடாது என்று, கஞ்சி குடித்த பிறகும் மானேஜர் வாங்கித் தம் அறையில் பூட்டி வைத்து, சாயங்காலம் எடுத்துக் கொடுக்கும் கஞ்சிச் சட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். ஊரில் அவள் பெயரே சோதனைக்காரி என்றாகிவிட்டது. கிணற்றடிக்குப் போனால் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை.

விட்டுவிட்டு எங்கே போவது? அமெரிக்காக்காரன் பருப்பு வாங்குவதைக் குறைத்துவிட்டான் என்று சொல்லி, அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் பாதி ஆபீஸ்களைப் பூட்டிவிட்டார்கள். கயிறு வியாபாரமும் படுத்துவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அன்று பொறுக்க முடியவில்லை. எல்லாரும் போன பிறகு டைட்டஸின் முன்னால் போய் நின்றாள்.

“அய்யா, எனக்கு இந்த வேலை வேண்டாம். என்னை உள்ள கொட்டை உடைக்க விடுங்க.”

“உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? கொட்டை எண்ணெ பட்டா கை பொள்ளிக் கறுத்துப் போவும். நிழல்ல நிக்குற வேலை உனக்குக் கசக்கா?”

“கறுத்தா கறுக்கட்டும் அய்யா. நாலு பேருக்க கஞ்சியில எனக்க கையால மண்ணள்ளிப் போட்டுட்டேன். கண்ணடைச்சா அவளுவ மூஞ்சிதான் வருது.”

“நீயா போட்ட? அவளுவளே போட்டுக்கிட்டாளுவ.” டைட்டஸ் சிரித்தார். “மத்த ஆபீஸ்காரனுவளைப் பாரு. ஆளையும் நிறுத்திட்டு, புதுச் சட்டப்படி நஷ்டஈடும் குடுத்துட்டு முழிக்கானுவ. இந்தக் கெட்ட நேரத்திலயும் நான் வேலை இல்லன்னு ஒருத்தியை நிறுத்தியிருக்கேனா? களவெடுக்கவளுக்கு மட்டும்தான் இஞ்ச எடம் இல்ல.”

“அது உள்ளதாக்கும் அய்யா.”

“சரி, உனக்க இஷ்டம். திங்கக்கிழமை உள்ள போ. வாசல்ல அந்த லீமாவை நிறுத்துகேன்.”

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழுதே விட்டாள். இப்படி ஒரு தங்கமான மனுஷனா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை நேசபாய் கொட்டகைக்குள் குந்தியிருந்து கொட்டை உடைத்தாள். மத்தியானத்துக்குள் விரல் நுனியெல்லாம் பொள்ளிவிட்டது. எரிச்சலில் உயிர் போனது. ஆனாலும் அவளுக்கு அத்தனை சந்தோஷம். பக்கத்தில் இருந்த சொர்ணம்மாள் முதலில் முறைத்தாள். பிறகு, கையைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, சாம்பல் தகரத்தை இவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

“சாம்பலைத் தொட்டுக்கிட்டு உடை. இல்லேன்னா நாளைக்கு சோறு பிசைய முடியாது.”

மத்தியானம் கஞ்சிக்குக் கொஞ்சம் துவையலும் கொடுத்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு நேசபாய் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே கஞ்சி குடித்தாள். இனி கிணற்றடிக்குத் தலை நிமிர்ந்து போகலாம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் மணி அடித்ததும் மற்றவர்களைப்போலவே சட்டியை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். வாசலில் லீமா எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நின்றாள். சின்னப் பெண், முதல் நாள். நேசபாய்க்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“பயப்படாத மக்கா. மொதல்ல கொண்டை, பெறவு மடி, பெறவு சட்டி. என்னைப் பாத்துப் படிச்சுக்க.”

கொண்டையை அவளே அவிழ்த்துக் காட்டினாள். மடியை உதறிக் காட்டினாள். சட்டியை நீட்டினாள்.

லீமா மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு நேசபாயின் முகத்தைப் பார்த்தாள். மானேஜரைத் திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் நேசபாயே கழுவித் துடைத்து மானேஜர் கையில் கொடுத்து, சற்று முன் அவர் கையிலிருந்தே திரும்ப வாங்கிய சட்டிக்குள் ஒரு கைப்பிடி பருப்பு கிடந்தது. களவெடுத்தாள் என்று அனுப்பினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டாமே என்று நேசபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் குளோரியும் எடுத்திருக்கவில்லை.