வாய்ப்பழக்கம்

எங்கள் ஜெயிலைக் கம்பெனிக்காரன் எடுத்ததிலிருந்து, ஆள் படுத்திருக்கிற கட்டிலுக்கு மட்டும்தான் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. நானும் உள்ளேதான் கிடக்கிறேன். பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது?

பக்கத்துக் கட்டில் மாசானத்துக்கு விடுதலை. வாசல்வரை நானும் போனேன். வெளியே அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் புதுச்சட்டையோடு நின்றாள். மரியாதை தெரிந்த மனுஷன், வார்டரைப் பார்த்து, "போயிட்டு வாரேன், சார்" என்றான்.

கதவு தானாக மூடிக்கொண்டது. "திரும்பி வருவதாகச் சொன்னதற்கு நன்றி. உங்கள் கட்டில் ஐந்து வருடத்துக்குப் பதிவாகிவிட்டது" என்றது.

"ஏ கூறுகெட்ட மனுஷா, ஜெயில்லயா அப்படிச் சொல்லுவாக?" என்று பேச்சித்தாய் கம்பிக்கு அந்தப் பக்கம் அழுதாள்.

"வாய் பழகிப்போச்சு, பேச்சி. நீ வீட்டுக்குப் போ."

அவள் கதவை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் சொல்லாத சொல்லை அன்றைக்குச் சொன்னாள்.

"போறேன்."