ஏழாம் லைன் ஜாக்குலர்

நான்காவது முறையாகப் பெரியநாயகி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கை சீருடைப் பைக்குள் இருந்தது.

சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணல். குருபோங் தொழிற்சாலையில் தகடு வெட்டும் ஏழாம் லைனில் பதினெட்டு வருடம் நின்றவள். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேர் ஏறிப்போய்விட்டார்கள். இந்தத் தடவையும் இல்லையென்றால் வயது வரம்பு தாண்டிவிடும். அதோடு போச்சு.

தடுத்தது ஒரே ஒரு வார்த்தை. பழைய மேலாளர் அவளுடைய மதிப்பீட்டுத் தாளில், குறைகள் என்ற கட்டத்தில், வருடா வருடம் ஆங்கிலத்தில் எழுதிவைத்தது: ஜாக்குலர்.

முதல் வருடம் ஏதோ வியாதி என்று பயந்து கம்பெனி கிளினிக்குக்கே போய்விட்டாள், பாவம். டாக்டர் சிரித்தார். எப்போதும் வேடிக்கை பேசுவது என்று அர்த்தமாம். அந்த வார்த்தையை ஆளுக்கு முன்னாலும் போடலாமாம், பேச்சுக்கு முன்னாலும் போடலாமாம்.

எதிரே புதிய மேலாளர் ஹானா. தெங்கேராத் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர் மகள், ரொம்பக் கண்டிப்பு என்று பேச்சு.

“அக்கா, எல்லா வருசமும் ஜாக்குலர்னே எழுதியிருக்கு. சூப்பர்வைசர்னா சீரியஸா இருக்கணும்லா.”

பெரியநாயகி மறுக்கவில்லை. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு வேடிக்கை பேசுகிறேன் என்றாள். சாப்பிட்டுவிட்டு வந்து மெஷின் முன்னால் நிற்கும்போது கண் சொருகுகிற நேரம் அது. லைனின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டே போவாள். சாமிக்கண்ணுவின் வழுக்கை, திலீப்பின் புது மோட்டார் சைக்கிள், எதுவும் தப்பாது. பேர் வந்த ஆள் சிரிக்க வேண்டும், இல்லை திருப்பித் திட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தூக்கம். உடனே சிவப்புப் பொத்தானை அடித்து லைனையே நிறுத்திவிடுவாள். அதுதான் பழைய மேலாளருக்கு வயிற்றெரிச்சல்.

வாசலில் தொங்கும் விபத்துப் பலகையில் பதினோரு வருடமாக ஏழாம் லைனின் பேர் ஏறவே இல்லை என்றாள். குரலில் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

ஹானா பேனாவை எடுத்தாள். அந்த வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டு, அங்கிருந்து ஒரு அம்பை இழுத்துக்கொண்டு போய் நிறைகள் என்ற கட்டத்தில் விட்டாள். பிறகு நியமனத் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

பெரியநாயகிக்குச் சந்தோஷம். ஜெயித்துவிட்டாள்.

ஏர்கான் காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. அமுக்கிப் பிடிக்க இடது கையை வெளியே எடுத்தாள்.

அதில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

ஹானா பார்த்தாள்.

“பதினோரு வருசம் ஆச்சு மேடம். இதே ரெண்டு மணிதான். அன்னிக்கு லைன்ல யாரும் பேசல.”

சொல்லிவிட்டு, கிறுக்காமல், முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.