வெட்டுப்பட்ட மூலை

"நீ எழுதிக் குடுத்த நம்பரைப் பார்த்துத்தானேம்மா பிடுங்கினேன்!" என்று கண்ணாடிக்கூடம் அதிரக் கத்துகிறார் நாற்றுக்காரர். "என் டெஸ்ட்ல தப்பு வராதுண்ணே. நீங்கதான் மூக்குக்கண்ணாடி போடாம படிச்சிருப்பீங்க," என்று திருப்பிக் கொடுக்கிறாள் ஆய்வகக்காரி. வாய்க்கு என்ன குறைச்சல்! கதவை அடைத்தபடி மேலாளர் நிற்கிறார். தொண்ணூற்றாறு தக்காளி நாற்றிலும் இலைத்துணுக்கு எடுத்து, டிஎன்ஏ பார்த்து, கருகல் நோயைத் தாங்கும் மரபணு உள்ளதை மட்டும் விட்டுவைத்தார்கள். விட்டுவைத்த இலைகளில்தான் இப்போது கரும்புள்ளி. கூரையில் வெயில் கொதிக்கிறது; குழாய் சொட்டுகிறது. இலைத்துணுக்குகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு எந்திரத்தில் சோதித்த குழித்தட்டைச் சாட்சிக்கென்று தானே தூக்கிவந்தவள், அதைக் குனிந்து பார்க்கிறாள். எந்திரம் தட்டின் வெட்டுப்பட்ட மூலையிலிருந்துதான் எண்ணும். அவள் பேனாவால் எழுதிய 'ஒன்று' எதிர்மூலையில் இருக்கிறது. தட்டைத் திருப்பி வைத்து நிரப்பியிருக்கிறாள். எண்ணெல்லாம் தலைகீழ்; நல்ல நாற்றுகள் குப்பைக்குழியில். கட்டைவிரல் மெல்ல நகர்ந்து அந்த 'ஒன்றை' மூடுகிறது. "என்னம்மா, யார் தப்பு?" என்கிறார் மேலாளர். விரலை எடுக்காமலே அவள் தட்டை இடுப்போடு சேர்த்துக்கொள்கிறாள். பழியைச் சுமந்த நாற்றுக்காரர் அந்த மாதமே வேலைபோய் வேறு ஊருக்குக் குடிபோனார். அவள் மேலாளரின் மச்சினனைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கூடத்துக்கு எதிர்வீட்டிலேயே இருக்கிறாள். அந்தப் பக்கத்து ஜன்னலை மட்டும் திறப்பதே இல்லை.