பழைய வேட்டியின் மடிப்பில்

பிறந்த மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் இரண்டு இமைகளும் வீங்கி, மஞ்சள் சீழில் ஒட்டிக் கிடந்தன. "பயப்படாத ரூபி, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டாத் திறந்துக்கும்," என்றாள் அம்மா. துடைப்பதற்காக ரூபி, பிள்ளைத் துணிக்கென்று கணவன் எட்வின் கொண்டுவந்து வைத்திருந்த பழைய வேட்டியை உதறினாள். மடிப்பிலிருந்து ஒரு மாத்திரை உறை பாயில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஏழாம் மாதப் பரிசோதனையில் அவளுக்குப் பால்வினைத் தொற்று இருப்பது தெரிந்தபோது, நர்ஸ் இதேபோல் இரண்டு உறை கொடுத்திருந்தாள். "நீ மட்டும் முழுங்கினாப் பத்தாதும்மா. உன் வீட்டுக்காரரும் முழுங்கணும். இல்லைன்னா அவர்கிட்டேருந்து மறுபடி உனக்குத் தொத்தும். பிரசவத்துல பிள்ளை கண்ணுக்குப் போயிடும்."

"அன்னைக்கே போட்டுட்டேன், நச்சரிக்காத," என்றிருந்தான் எட்வின்.

உறை பிரிக்கப்படவே இல்லை.

"பால் வேண்டாம்மா, ஆட்டோவக் கூப்பிடு!" ரூபி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எட்வின் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் கைக்குள் கசங்கிய உறையை அவன் பார்க்கவில்லை. குனிந்து கொஞ்சினான். "என் தங்கம், அப்பா வந்திருக்கேன் பாரு."

கண் திறக்காமலே, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது குழந்தை.